முப்பத்தோராயிரம் காலடிகள்

ஒரே நாளில் முப்பத்தோராயிரம் காலடிகள்.
அதிலும் பின்னிரவு இரண்டிலிருந்து ஐந்துக்குள்
பதினோராயிரம்.
திரையில் மற்ற பிள்ளைகளின் குட்டைப் பட்டைகளுக்கு நடுவே
அந்த ஒரு பட்டை மட்டும்
புகைபோக்கி போல நின்றது.

எண் நாற்பத்தேழு. செல்மெக். வயது பதின்மூன்று.
எங்கள் மொழியில் அந்தப் பெயருக்கு
மேகமில்லாத தெளிவு என்று பொருள்.
வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தில்
சர்க்கரை எல்லைக்கோட்டின் மேல் நின்றது;
இன்சுலின் எப்போதோ கோட்டைத் தாண்டியிருந்தது.
இவளா, உலான்பாத்தரின் டிசம்பரில்,
மைனஸ் இருபத்தெட்டில்,
விடிய விடிய ஓடினாள்?

'கருவி பழுது' என்று எழுதி மூடியிருக்கலாம்.
போனேன்.

பேருந்து திரும்பும் இடத்துக்கு மேலே
குன்று முழுக்கக் கம்பளிக் கூடாரங்கள்,
ஒவ்வொன்றின் உச்சியிலும் நிலக்கரி மூச்சு.
பள்ளியில் ஓட்டப் பயிற்சி நின்று ஏழு வாரம்.
காற்றின் எண் சிவந்த நாட்களில்
பிள்ளைகள் வெளியே வரக்கூடாது: உத்தரவு.
பிள்ளைகள் தினமும் ஒரு மணி நேரம் ஓடியாட வேண்டும்: அதுவும் உத்தரவு.
இரண்டிலும் ஒரே கையெழுத்து.

வேலியோரம் நாய் குரைத்தது.
கரடி என்று பெயராம், உருவமும் அப்படித்தான்.
அதன் முன்னங்காலில் எங்கள் கருவி,
சிவப்புக் கம்பளி நூலால் இறுக்கிக் கட்டியபடி.
சிரிப்பு வந்தது.
முகமூடி மறைத்தது.

அம்மா ஓடோன்சிமெக்குக்கு வேறு கவலை.
மகளின் பின்னலை ஒதுக்கிக் காட்டினாள்.
"அடுப்புக் கரி, டாக்டர். போகவே மாட்டேங்குது.
சோடா மாவு போட்டேன். கல்லு வெச்சுத் தேய்ச்சேன்."
கழுத்தின் மடிப்பில் கறுத்த வெல்வெட்,
அதன் ஓரமெல்லாம் தேய்த்த சிவப்பு.

நான் டாக்டர் இல்லை என்று சொல்ல மறந்தேன்.
அது அழுக்கில்லை என்று மட்டும் சொன்னேன்.
உள்ளே இன்சுலின் தசைகளின் கதவைத் தட்டுகிறது,
திறக்காததால் இன்னும் பலமாய்த் தட்டுகிறது,
தட்டியதன் தழும்புதான் இது.
அவள் கை பாதியில் நின்றது.
எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் தேய்த்தோம் என்று
எண்ணியிருக்கும்.

"நாய்க்கு ஏன் கட்டினாய்?"
செல்மெக் பதில் சொல்லவில்லை.
"தண்ணிக்குப் போகணும். வர்றீங்களா?"

மூன்று கேன், அறுபது லிட்டர், இரும்பு வண்டி.
தண்ணீர் நிலையம் அடிவாரத்தில்.
இறங்கும்போது வண்டி எங்களைத் தள்ளியது,
ஏறும்போது நாங்கள் அதை.
பனி கண்ணாடியாய் இறுகிய தடம்.
மூன்று முறை நின்றேன். அவள் ஒருமுறைகூட நிற்கவில்லை;
சக்கரத்துக்குப் பின்னால் காலை முட்டுக்கொடுத்து
நான் மூச்சு வாங்கி முடிக்கும்வரை வானத்தைப் பார்த்தாள்.
வானம் தெரியவில்லை.

மேலே வந்ததும் என் மணிக்கட்டைத் திருப்பினாள்.
(ஊழியர்களும் கட்ட வேண்டும், முன்மாதிரிக்காம்.)
"பாருங்க."

நாற்பது நிமிடம்.
நூற்றுப் பன்னிரண்டு காலடிகள்.

கைப்பிடியை இறுகப் பற்றிய கை வீசாது.
கை வீசாத நடை
கருவிக்கு நடையே இல்லை.

"தினமும் ரெண்டு தடவை இழுக்கிறேன்.
ராத்திரி ஆனா, இன்னிக்கு நீ சும்மா இருந்தேன்னு சொல்லுது.
பக்கத்துல அழுமூஞ்சிப் படம் வேற.
கரடிக்குக் கட்டினேன்.
கரடிக்கு அது சிரிச்சுது."

தண்ணீர் வண்டி ரத்தத்தின் கணக்கைத் தீர்த்துவிடாது, தெரியும்.
இரண்டு நடைக்கு நடுவே
அடுப்பு, கட்டில், கைப்பேசி,
படியோரக் கடையின் ஆரஞ்சு நிற பாட்டில்,
அடைத்த ஜன்னலில்லாத அந்த ஒற்றை அறை.
அவளிடம் எதை விடச் சொல்வது என்று
யோசித்துக்கொண்டே பால் தேநீர் குடித்தேன்.
உப்புக் கொஞ்சம் தூக்கல்.

அறிக்கையில் 'செல்லாத தரவு' என்று ஒரு கட்டம் உண்டு.
எண் நாற்பத்தேழுக்கு அதில் குறி போடவில்லை.
குறிப்பு என்ற இடத்தில், கணுக்காலில் கட்டவும், என்று எழுதினேன்;
அந்த நூலையே அவிழ்த்து
அவள் காலணிக்கு மேல் கட்டினேன்.

நாய் வந்து என் கையை முகர்ந்தது,
அவள் காலையும் முகர்ந்தது,
தன்னுடையதைத்
திருப்பிக் கேட்பதுபோல.